மைன்ஸ் பள்ளத்து விரால்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ வரவழைத்த கார் நம் வாசலை விட்டுத் திரும்பும்போது, தேன்மொழி மட்டும் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நீ பார்க்கவில்லை. வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாசமாக இருக்கிற மனைவியை மீன்சுருட்டியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டு, நீயும் அங்கேயே தங்கிவிட்டாய். ஊரில் இதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுதான். பேசியிருந்தால் நீ பாதியில் குறுக்கே வந்திருப்பாய், நானும் பாதியில் விட்டிருப்பேன். எழுதி உன் போனுக்கு அனுப்பினால் முடித்துவிடலாம். முதலில் நீ படி. பிறகு ஊர்ப் பெயரையும் நம் பெயரையும் எடுத்துவிட்டு மற்றவர்களும் படிக்கக் கொடுக்கலாமா என்பதை நீயே சொல். நம் பக்கத்தில் இப்படிப் பள்ளமும், பள்ளத்தில் மீனும், மீனை எதிர்பார்க்கிற பிள்ளைத்தாச்சியும் நம் வீட்டில் மட்டும் இல்லை.

அன்று நடந்ததை நீ உன் பக்கமிருந்துதான் பார்த்தாய். என் பக்கமிருந்து சொல்கிறேன். ஊர்க் குழுவிடம் நீ குத்தகைக்கு எடுத்த மைன்ஸ் பள்ளத்திலிருந்து சினை விரால் கொண்டுவந்தாய். கை நீளத்துக்கு இருந்தது. அறுத்தபோது இரண்டு பக்கமும் மஞ்சளாகச் சினை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், மீனின் தலையும் சினையும் பிள்ளைத்தாச்சிக்கு. உன்னைச் சுமந்தபோது எனக்கும் அப்படித்தான் வைத்தார்கள். நான் குழம்பு வைத்தேன். எல்லோருக்கும் மீனைப் போட்டுவிட்டு, தேன்மொழி தட்டில் மட்டும் அவித்த கோழிமுட்டையை வைத்தேன். அப்போதுதான் உன் பெரியத்தை பார்த்தார். உன் அப்பாவின் அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்ன புள்ள இது, புள்ளத்தாச்சிக்கு முட்டைய வச்சிட்டு நீங்கள்லாம் மீனு திங்கிறீங்க? சினை எங்க?"

"அவளுக்குச் சூடு, அண்ணி."

"விரால் சூடா? எந்த ஊர்ல சொன்னாங்க? நாலு பெத்தவகிட்டயே சொல்றா பாரு."

உன் அப்பா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, "அவ டீத்தூளையே மோந்து பார்த்துட்டுத்தான் போடுவா. வுடுக்கா" என்றார். நீ சிரிக்கவில்லை.

"சினை எங்கம்மா?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"அது எதுக்கு இப்ப. சாப்புடு."

"எம் பள்ளத்து மீனு. நான் கொண்டாந்தது. எம் பொண்டாட்டிக்கு ஒரு துண்டு வைக்க உனக்கு மனசு வரல."

சூடு என்று சொன்னது பொய். உண்மையைச் சொல்லியிருந்தால் அது பெரியத்தையின் காதில் விழுந்திருக்கும். பெரியத்தையின் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஜெயங்கொண்டம் மார்க்கெட்டுக்குப் போய்விடும். அப்புறம் எந்த வியாபாரி உன் பள்ளத்துக்கு வண்டி அனுப்புவான்? பெரம்பலூரில் வண்டி ஷோரூம் வேலையை விட்டுவிட்டு, தினம் பஸ்ஸில் போய்வந்த அலுப்போடு சேர்த்து அந்த வாழ்க்கையையே உதறிவிட்டு, இந்த மீனை நம்பித்தான் நீ வந்து உட்கார்ந்திருக்கிறாய். உன் மீனுக்குக் கெட்ட பெயர் வருவதைவிட, மருமகளுக்குச் சோறு மறுக்கிற மாமியார் என்று எனக்குப் பெயர் வரட்டும் என்று அந்த ஒரு நிமிடத்தில் தோன்றியது. அவ்வளவுதான்.

நான் சந்தேகக்காரி என்பது புதிய செய்தி இல்லை. பள்ளிக்கூட வாசலில் விற்ற கலர் ஐஸை நீ வாயில் வைப்பதற்குள் பிடுங்கி, அது எந்தத் தண்ணீர் என்று விற்றவரைக் கேட்டு, உன் கூட்டாளிகள் முன்னால் உன்னைக் கூனிக்குறுக வைத்திருக்கிறேன். என் சந்தேகம் தப்பாகவும் போயிருக்கிறது. பாலில் தண்ணீர் கலக்கிறார் என்று நினைத்து, பால்காரர் பம்புசெட்டுக்குக் குடத்தோடு போனபோது பின்னாலேயே போய் நின்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "நீங்களும் குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார். அதனால் சந்தேகத்தையே சாட்சி என்று உன்னிடம் நான் நீட்டமாட்டேன். எனக்கு எப்படி இந்தச் சந்தேகம் வந்தது என்று மட்டும் சொல்கிறேன். எடை போட்டுப் பார்ப்பது உன் வேலை.

நீ திருச்சியில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த வருடங்களில் அந்தப் பள்ளம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. சுண்ணாம்புக் கல் தீர்ந்ததும் சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் மைன்ஸை அப்படியே விட்டுவிட்டார்கள். மழைத்தண்ணீர் நின்று பச்சையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்போதுதான் தார்ப்பாய் மூடிய லாரிகள் வரத் தொடங்கின. ஒளிந்து வரவில்லை, பட்டப்பகலில் வந்தன. யாரோ ஒப்பந்தக்காரராம். வெளியூர்த் தொழிற்சாலைகளின் கழிவாம், சிமெண்ட் சூளையில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கக் கொண்டுவந்ததாம். எரிக்கும் இடத்தில் கொட்டகை தயாராகாததால் பள்ளத்து மேட்டில் தற்காலிகமாக இறக்கினார்கள். தார் மாதிரி கறுப்பாகக் குழைந்து கிடந்தது. பெயிண்ட் கடையும் மருந்துக் கடையும் ஒரே நேரத்தில் எரிந்தால் எப்படி நாறும், அப்படி ஒரு நாற்றம். நம் ஆடுகள் அந்த மேட்டுப் புல்லைத் தொடவில்லை. தற்காலிகம் என்றது ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மேட்டிலிருந்து தண்ணீர் எங்கே போகும்? பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டு, மேட்டில் செம்மண் பரப்பி, வேப்பங்கன்று நட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த வேப்பங்கன்றுதான் உறுத்தியது. சும்மா கிடந்த மேட்டுக்கு எதற்கு இவ்வளவு மரியாதை?

அதன்பிறகு கம்பெனிக்காரர்கள் பள்ளத்துக்கு முள்வேலி போட்டார்கள். மாடு இறங்கக்கூடாது, பிள்ளைகள் குளிக்கக்கூடாது. அப்படி வேலி போட்டவர்களே பின்னால் வேலியைத் திறந்து, ஊர்க் குழுவுக்குப் பள்ளத்தைக் கொடுத்து, இலவசமாக மீன்குஞ்சும் கொடுத்து, சால்வை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். குளிக்கக்கூடாத தண்ணீர் எப்போது மீன் வளர்க்கும் தண்ணீர் ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். தண்ணீரைச் சோதிக்க வந்தவர் நல்ல மனிதர்தான். சிரித்த முகம். புளிப்பு, உப்பு, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், எல்லாம் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றார்.

"சேத்தை எடுத்துப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"சேறு எதுக்குங்கம்மா? மீனு தண்ணியிலதான இருக்கு."

"மீனோட ஈரல்?"

"ஈரலைப் பூனைக்குப் போடுங்க. மீனு எப்படி ஓடுது பாருங்க, இதவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மீன் சாகவில்லை, அதனால் தண்ணீர் நல்ல தண்ணீர். ஊர் முழுக்க இந்தக் கணக்கைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது. அன்றிலிருந்து நான் படிக்கத் தொடங்கினேன். அரியலூர் நூலகத்தில் கிடைத்ததையும், போனில் கிடைத்ததையும், புரியாததைத் திரும்பத் திரும்பவும் படித்தேன். புரிந்ததை உனக்கு நம் பேச்சில் சொல்கிறேன்.

நான் பயப்படுகிற பொருள்கள் மீனைக் கொல்வதில்லை. கொன்றிருந்தால் நமக்கு நல்லது, அன்றே தெரிந்திருக்கும். அவை தண்ணீரில் நிற்பதும் இல்லை. பெரும்பாலும் தூசியோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் மேல் தண்ணீரை மொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் இருக்கிற புழு சேற்றைத் தின்கிறது. புழுவைச் சின்ன மீன் தின்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. சோறு செரித்துவிடுகிறது, அது மட்டும் செரிக்காமல் தங்கிவிடுகிறது. புழுவில் இருந்ததைவிடச் சின்ன மீனில் அதிகம், சின்ன மீனைவிடப் பெரிய மீனில் அதிகம். செவுள் வழியாகவும் கொஞ்சம் ஏறுகிறது, ஆனால் இந்தப் பொருள்களில் பல வாய் வழியாகத்தான் மேலே மேலே போகின்றன.

மீன் சும்மா இருப்பதில்லை, பாவம். அதன் ஈரல் முடிந்தமட்டும் போராடுகிறது. கொழுப்பில் கரைகிற பொருளைத் தண்ணீரில் கரைகிற மாதிரி மாற்றிவிட்டால் பித்தத்தோடோ சிறுநீரோடோ வெளியே தள்ளிவிடலாம். அதுதான் ஈரலின் வேலை. எண்ணெய்ப் புகையிலும் கரிப் புகையிலும் இருக்கிற சிலவற்றை மீன் ஈரல் கெட்டிக்காரத்தனமாக மாற்றி அனுப்பிவிடுகிறது. சில நேரம் பாதி மாற்றியது முதலில் இருந்ததைவிட மோசமாகிவிடுவதும் உண்டு. ஆனால் சூட்டுக்கும் அமிலத்துக்கும் அசையக்கூடாது என்பதற்காகவே மனிதன் செய்த பொருள்கள் இருக்கின்றன. பழைய டிரான்ஸ்பார்மரில் ஊற்றிய எண்ணெய், பாத்திரத்தில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பூச்சுக்கான மருந்து, இப்படி. கெடாது என்பதுதான் அவற்றுக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு முன்னால் ஈரல் தோற்றுப்போகிறது. பித்தத்தோடு குடலுக்கு அனுப்பிப் பார்க்கிறது, குடல் அதை மறுபடி உறிஞ்சி ஈரலுக்கே திருப்பிவிடுகிறது. கடைசியில் சில கொழுப்பில் தங்குகின்றன, சில இரத்தத்திலும் ஈரலிலும் ஒட்டிக்கொள்கின்றன. பாதரசம் சதையிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. நான் மஞ்சளும் கல்லுப்பும் போட்டு எத்தனை தண்ணீரில் கழுவினாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் அவை போவதில்லை.

இப்போது விராலுக்கு வருகிறேன். நீ விட்டது கட்லாவும் ரோகுவும். விரால் யாரும் விடாமல் மழைத்தண்ணீரோடு தானாக வந்தது. அது மற்ற மீனைப் பிடித்துத் தின்கிற மீன், பள்ளத்தில் அதற்கு மேலே யாரும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. விரால் தலையை மேலே நீட்டிக் காற்றைக் குடிக்கும். மற்ற மீன் மூச்சுமுட்டிச் சாகிற தண்ணீரிலும் அது இருந்துவிடும். குடத்தில் போட்டு வைத்தாலும் நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் நம் ஆட்கள் அதைச் சுத்தமான மீன் என்றார்கள், பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியக் குழம்புக்கு விரால்தான் என்று வைத்தார்கள். தண்ணீர் கெட்டதைக் கடைசியாகச் சொல்கிற மீனைப் போய் நாம் சாட்சிக்கு வைத்திருக்கிறோம்.

நம் ஆட்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஏரி. ஏரி சித்திரையில் வற்றும். வற்றினால் ஊரே இறங்கி இருக்கிற மீனையெல்லாம் அள்ளிவிடும். அடுத்த மழைக்கு வருவது புது மீன். எந்த விராலுக்கும் ஏரியில் வயதாக நேரம் கிடைத்ததில்லை. பள்ளம் வற்றுவதில்லை தம்பி. நீ வலை போட்டாலும் பாறை இடுக்கில் அது பதுங்கிவிடுகிறது. அந்தக் கறுப்பு மேட்டில் மழை பெய்த வருடத்தில் குஞ்சாக இருந்த விரால் இன்றைக்கும் அங்கே இருக்கலாம். நீ பெருமையாகத் தூக்கிக் காட்டினாயே, கை நீளம் என்று. எனக்கு அந்த நீளத்தைப் பார்த்துத்தான் அதன் வயதைக் கணக்குப் போடத் தோன்றியது.

சினையை ஏன் எடுத்து ஒளித்தேன் என்பதை நீ இந்நேரம் ஊகித்திருப்பாய். வெளியே தள்ள வழி இல்லாத மீனுக்கு, பெண்ணாக இருந்தால், ஒரு வழி இருக்கிறது. முட்டைக்குக் கொழுப்பு வேண்டும். தன் உடம்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. கொழுப்போடு அதுவும் இறங்கிவிடுகிறது. ஒரே வயது ஆணையும் பெண்ணையும் சோதித்தால் பல நேரம் பெண்ணிடம் குறைவாக இருக்குமாம், முட்டையில் இறக்கி வைத்துவிட்டதால். அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். உன்னை நான் பெற்றபோது எனக்கு இன்னும் பத்தொன்பது முடியவில்லை. இந்த ஊருக்கு வந்து முதல் வருடம். அப்போது லாரியும் இல்லை, மேடும் இல்லை. இருந்தாலும் நான் எதைச் சாப்பிட்டேன், எதை உனக்கு இறக்கினேன் என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். மனிதரிலும் முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் போகும் என்கிறார்கள். அதற்காகப் பால் கொடுக்காமல் இருக்கச் சொல்லவில்லை, அது வேறு முட்டாள்தனம், பால் கொடுக்கத்தான் வேண்டும். மீனே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மத்தி, நெத்திலி மாதிரிச் சின்ன ஆயுசுள்ள சின்ன மீனை நானே மார்க்கெட்டில் பார்த்து வாங்கிக் கொடுக்கிறேன். இந்தப் பள்ளத்து விரால் மட்டும் அவளுக்கு வேண்டாம். அன்று நாம் தின்றது நம்மோடு போகும், அவள் தின்றால் பிள்ளைக்கும் இறங்கும். உள்ளே போவதை அவளால் வெளியே தள்ள முடியாது, பிள்ளையாலும் முடியாது.

செவ்வாய்க்கிழமை தேன்மொழி எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. சொல்லியிருக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நலம் விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, அந்தச் சினைய நீங்க சாப்ட்டீங்களா?"

"இல்லம்மா."

"மாமா?"

"இல்ல."

"பெரியத்தைக்குக் குடுத்து வுட்டீங்களா?"

"யாருக்கும் குடுக்கல."

அவள் அம்மா பின்னால் மிக்ஸி ஓட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்ப சரிங்க அத்தை. நான் இங்க மீனு வேணாம்னு சொல்லிட்டேன். வாய்க்குப் புடிக்கலன்னு சொல்லிருக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். என்னைச் சந்தேகப்பட்டுத்தான் கேட்டாள், அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நான் எடுத்து ஒளித்தது ஆசையாலா பயத்தாலா என்று தெரிந்துகொள்ள வேறு என்ன கேட்க முடியும்? யார் தின்றார்கள் என்றுதான் கேட்க வேண்டும். நீயும் பெரியத்தையும் எங்கே, எங்கே என்றுதான் கேட்டீர்கள். அவள் சொன்ன பொய்யும் நான் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு பேரும் உன் மீனுக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்படி எத்தனை நாள் பார்த்துக்கொள்ள முடியும்? அவள் தட்டை நான் பார்த்துக்கொண்டேன். ஜெயங்கொண்டத்தில் உன் விராலை வாங்கிக்கொண்டு போய்ப் பிரசவித்த மகளுக்குக் குழம்பு வைக்கிற அம்மாவின் சட்டியை யார் பார்ப்பது?

வெள்ளிக்கிழமை வலை இழுக்க ஆள் சொல்லியிருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். தள்ளிப் போடு. எல்லா ஆய்வகத்திலும் இந்தச் சோதனை கிடையாது. சென்னையில் செய்கிற இடத்தை விசாரித்து வைத்திருக்கிறேன். சேறு வேண்டும், ஒரு கட்லா வேண்டும், விரால் வேண்டும். பள்ளத்துக் குத்தகைக்காரன் நீ. நீ இல்லாமல் நானே எடுத்துக் கொடுக்க முடியும், ஆனால் கொடுக்கமாட்டேன். உன் முதுகுக்குப் பின்னால் உன் பிழைப்பை அறுத்தேன் என்று ஆகிவிடும். நீயே எடுத்துக்கொண்டு போ. ஒன்றும் இல்லை என்று வந்தால், நானே மீன்சுருட்டிக்கு வந்து, சம்பந்தி வீட்டு அடுப்பில் விரால் குழம்பு வைத்து, பெரியத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறுகிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். இருக்கிறது என்று வந்தால், நாம் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டேன். பள்ளத்தைக் கொடுத்தவர்களிடம் போய்க் கேட்கும்போது உன் பக்கத்தில் நிற்பேன், அது மட்டும் தெரியும்.

பிரசவத்துக்கு என்று நீ கொல்லைச் சிமெண்டுத் தொட்டியில் விட்டுவைத்த இரண்டு விரால்களும் அப்படியே இருக்கின்றன. பாத்திரம் கழுவும்போதெல்லாம் தலையை நீட்டிக் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகின்றன. சினையும் ஈரலும் ஃப்ரீசரில், ஸ்டீல் டப்பாவில் இருக்கின்றன. பிளாஸ்டிக் பையில் வைத்தால் பையிலிருந்தே ஏதாவது ஏறிச் சோதனை கெட்டுவிடும் என்று படித்தேன். நேற்று மழையில் கரண்ட் போய்விட்டது. வெகுநேரம் வரவில்லை. டப்பாவை எடுத்து, பழைய கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சமையல்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன, முட்டைய அடை காக்குறியா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் அதற்குச் சிரிக்கவில்லை. வெளியே போய், எங்கேயோ அலைந்து ஒரு ஐஸ் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். டப்பாவுக்குள் என்ன என்று இந்த நேரம்வரை கேட்கவில்லை. பெட்டி வாசல் பக்கம், நீ செருப்பு விடுகிற இடத்தில் இருக்கிறது. நாளை காலை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு.

அம்மா